தொட்டியில் கிடந்த ரேடியேட்டர்

நான் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் நானே சேர்ப்பது என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. தப்பான பேச்சு இல்லை. ரொட்டிக் கடையில் ஒரு வரி கேட்டால், ஐந்தாம் மாடிக்கு ஏறி வருவதற்குள் அதை ஒரு பக்கமாக்கும் திறமை எனக்கு உண்டு. ஆனால் இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தைரியம் இல்லை. நேரங்களை அன்றைக்கே சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் குறித்துவைத்தேன். சந்தேகப்படுகிறவர்கள் பிளம்பர் எவ்ஸ்தாதியிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவார். அவருடைய ரப்பர் சுத்தியல் இன்றும் என் குளியலறை ஜன்னலில்தான் கிடக்கிறது. வந்து எடுத்துப்போங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. வர மாட்டார்.

பெர்னிக் நகரத்தில், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பதினான்காம் எண் வீடு என்னுடையது. பெயர் ராயினா. கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் தெமெனுகா, வீட்டில் தெமி. போன அக்டோபரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக்கூடாது அல்லவா. அந்த நாற்பது நாளையும் யார் வீட்டில் கழிப்பது என்பதில் எனக்கும் சம்பந்தியம்மா ஸோர்னிட்சாவுக்கும் ஒரு மௌன யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

ஸோர்னிட்சாவின் வீட்டில் எல்லா அறையும் கதகதவென்று இருக்கும். அதை அவளே சொல்வாள், கேட்காமலே சொல்வாள். என் வீட்டிலோ, குழந்தைக்கென்று நான் ஒதுக்கிய அறையில், சுவரோரம் நின்று சுடுதண்ணீரால் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் இரண்டு குளிர்காலமாக மேலே மட்டும்தான் சுடும். கீழ்ப்பாதி கல். உள்ளே வண்டல் அடைத்துக்கொண்டிருந்தது. வார்ப்பிரும்பு, கட்டடத்தின் வயதே அதற்கும், நாற்பத்தைந்து வருடச் சேறு. தெமி ஆஸ்பத்திரியிலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமைக்குள் அந்த அறை சூடானால் அம்மா வீடு, இல்லாவிட்டால் மாமியார் வீடு.

எனவே திங்கட்கிழமை, அக்டோபர் 13, எவ்ஸ்தாதியை வரச் சொன்னேன்.

இங்கே குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கட்டடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சுடுதண்ணீர்க் குழாய், ஒவ்வொரு மாடியிலும் அதே மூலை அறை வழியாக இறங்கும்; என் வீட்டில் அதுதான் குழந்தைக்கு ஒதுக்கிய அறை. எட்டு வீட்டை ஒரே நூலில் கோத்த மாதிரி. சூடு மட்டுமல்ல, சத்தமும் அதில் போகும். யாராவது டிவியை அலறவிட்டால் படியேறிப் போய்ச் சண்டை போடுவது எங்களுக்கு வழக்கமில்லை. அது அநாகரிகம். கரண்டியை எடுத்து ரேடியேட்டரில் மூன்று தட்டு தட்டுவோம். ‘போதும், நிறுத்து’ என்று அர்த்தம். தட்டு வாங்கியவர் சும்மா இருப்பாரா? அவரும் மூன்று தட்டுவார். ‘உன் வேலையைப் பார்’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு எட்டு வீடும் சேர்ந்துகொள்ளும். இந்த விளையாட்டில் என் கரண்டிக்குக் கட்டடத்தில் நல்ல பெயர்.

எனக்கு நேர் மேலே, பதினேழாம் எண் வீட்டில் வெலிகா இருந்தாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஊருக்கே இணைப்புக் கொடுத்தவள். இந்த நகரத்தின் எத்தனை ரகசியம் அவள் காதில் விழுந்திருக்கும். ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை. அதையாவது மன்னித்திருப்பேன். மேஜை விரிப்பைப் பால்கனியில் உதறுவாள். ரொட்டித் துணுக்கெல்லாம் என் ஈரத்துணியில் விழும். அதில் ஆரம்பித்து நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கரண்டியோடு சரி.

போன ஏப்ரலில் அவள் செத்துப்போனாள். “தூக்கத்துலயே போயிட்டா, பாக்கியசாலி” என்றார் தெச்கோ. கட்டட நிர்வாகத்தைப் பார்க்கிறவர் அவர்தான். கீழ் வாசற்கதவு, செத்தவர்களுக்காக அதில் ஒட்டும் அஞ்சலித் தாள், தண்ணீர் வால்வு எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தத் திங்கட்கிழமை காலை கீழே கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. ‘ஆறு மாதம்’ என்று மேலே. நடுவில் வெலிகாவின் போட்டோ, உதட்டை இறுக்கி மூடியபடி. கீழே, ஏப்ரல் 13. அது குருத்தோலை ஞாயிறு. பூவின் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர்த் திருநாள். தெமெனுகா என்பதும் பூதான். அன்றைக்கு என் வீடு கொள்ளாத கூட்டம். தெமி தான் உண்டாகியிருப்பதைச் சொன்னதும் அன்றைக்குத்தான்.

‘நல்ல நாளாகப் பார்த்துத்தான் போயிருக்கிறாய்’ என்று போட்டோவைப் பார்த்து மனசுக்குள் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

மணி 1.15. எவ்ஸ்தாதி வந்தார். சூட்டுக் குழாயில் இருந்த தண்ணீரைத் தெச்கோ காலையிலேயே வடித்துவிட்டிருந்தார். ஐந்து மணிக்குத் திரும்பத் திறப்பார். இந்தக் குளிர்காலத்தின் முதல் சூடு. அதற்குள் ரேடியேட்டர் சுவருக்குத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் எட்டு வீடும் குளிரும், எட்டு வீட்டு வாயிலும் நான் விழுவேன்.

1.40. இரண்டு திருகையும் கழற்றினார். பேசினில் கரிய தண்ணீர் வடிந்தது.

2.05. ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். அசையவில்லை. எவ்ஸ்தாதி மூச்சுவிட்டுக்கொண்டார்.

“ஏன்க்கா, உள்ள யாரை ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“என் சம்பந்தியை” என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அதுதான் கடைசி.

எப்படியோ இழுத்து, குளியல் தொட்டியில் பழைய கம்பளியை விரித்து அதன்மேல் கிடத்தினோம். தொட்டபோதுதான் கவனித்தேன். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஏப்ரலிலிருந்து சூடு வராத இரும்பு. வெயில் அந்த அறைக்குள் வருவதே இல்லை. எவ்ஸ்தாதியும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

2.20. முனை மூடிகளைக் கழற்றி, ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டார். சுத்தியலால் லேசாகத் தட்டத் தட்ட, உள்ளேயிருந்து வண்டல் வந்தது. காப்பிக் கோப்பையின் அடியில் நிற்குமே, அந்த மாதிரி கறுப்பு. காப்பி வண்டலில் குறி பார்ப்பதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி. ஆனால் இந்த வண்டலை ஏனோ உற்றுப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு வாளி. இரண்டு வாளி. மூன்று. ஒன்பது பாகம் கொண்ட ரேடியேட்டருக்குள் இவ்வளவு எங்கே இருந்தது என்று எவ்ஸ்தாதியே ஒருமுறை குனிந்து பார்த்தார்.

பிறகு தன் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். எல்லா வீட்டிலும் செய்து காட்டுவாராம். வண்டலுக்கு மேலே பிடித்ததும், கறுப்பெல்லாம் மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு காந்தத்தில் ஏறியது.

எல்லாம் ஏறவில்லை.

தொட்டியின் வெள்ளைத் தரையில் கொஞ்சம் மிச்சம் நின்றது. நகக்கண் அளவுச் சில்லுகள். எவ்ஸ்தாதி ஒன்றை விரலில் ஒற்றி எடுத்தார். நீலம். நல்ல வெளிர் நீலம்.

“இதுக்கு முன்னாடி நீல பெயின்ட் அடிச்சிருந்தீங்களாக்கா?”

“எப்பவும் வெள்ளைதான் மேஸ்திரி.”

“வெளிய அடிச்சிருந்தாலும்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

எனக்கும் புரிந்தது. வெளியே அடித்த பெயின்ட் உள்ளே எப்படிப் போகும்?

3.25. தண்ணீரை நிறுத்தினோம். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்றார். சமையலறைக்கு வந்து காப்பி வைத்தேன். குழந்தைத் தொட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தேன்.

3.40.

டிண்… டிண்… டிண்…

மெல்லிய சத்தம். இரும்பில் இரும்பு.

யாருக்கோ நம் சுத்தியல் சத்தம் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். கை தானாகக் கரண்டியை எடுத்தது. மூலை அறைக்குப் போய், மொட்டையாக நின்ற குழாயில் ஓங்கி மூன்று தட்டு தட்டினேன். தண்ணீர் இல்லாத குழாய். பானையைத் தட்டிய மாதிரி எட்டு மாடியும் அதிர்ந்தது.

நிசப்தம்.

திருப்தியோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

3.44.

டிண்… டிண்… டிண்…

“விடமாட்டேங்குதே சனியன்” என்று எழுந்தேன். எவ்ஸ்தாதி என் கையைப் பிடித்தார். ஆறடி மனிதர். என்னை நகரவிடவில்லை.

“அக்கா… சத்தம் குழாயிலேர்ந்து வரல.”

“பின்னே?”

அவர் குளியலறையைப் பார்த்தார்.

கதவு பாதி திறந்திருந்தது. போய் நின்றோம். ரேடியேட்டர் நாங்கள் வைத்த இடத்தில் கம்பளிமேல் கிடந்தது. சுவரைத் தொடவில்லை. குழாயைத் தொடவில்லை. அதைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர், அசையாமல்.

டிண்…

தண்ணீரில் ஒரு வளையம் விரிந்தது.

டிண்…

இன்னொன்று.

டிண்…

சுத்தியல் அடி இல்லை அது. கரண்டி அடியும் இல்லை. அதைவிடச் சின்னது. விரலில் போட்ட மோதிரத்தால் இரும்பைத் தட்டினால் வருமே, அப்படி.

எவ்ஸ்தாதி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, குனிந்து, கடைசிப் பாகத்தின் அடியில் கையை வைத்தார். அடுத்த தட்டுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“உள்ளேருந்து… கையில படுது.”

“யாரு?” என்றேன். இரும்பிடம் கேட்கிறோமே என்ற வெட்கம்கூட அப்போது இல்லை.

என் குரல் கேட்டதும் தட்டு வேகமானது.

டிண்டிண்டிண்… டிண்டிண்டிண்…

கோபமாக இல்லை. சொன்னால் நம்புங்கள், கோபத் தட்டு எனக்கு அத்துப்படி. இது வேறு. ஆள் வந்துவிட்டது, காது கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் வருகிற அவசரம் அது.

ஆனால் நாங்கள் என்ன செய்ய முடியும்? யாரைக் கூப்பிட? என்னவென்று சொல்லிக் கூப்பிட? இரும்பை உடைப்பதா? உடைத்தால் உள்ளே வண்டல்தானே இருக்கும்? இரண்டு பேரும் ஈரத்தரையில் கைகளைத் தொங்கவிட்டு நின்றோம்.

3.52. நிற்கவில்லை.

3.58. கொஞ்சம் மெதுவாக.

“இருக்கோம்மா… இங்கதான் இருக்கோம்” என்று எவ்ஸ்தாதி முணுமுணுத்தார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

4.03. மூன்று தட்டு இரண்டானது.

டிண்… டிண்…

இடைவெளி நீண்டது.

இரண்டு ஒன்றானது.

டிண்…

காத்திருந்தோம்.

…

4.10.

டிண்…

அவ்வளவுதான்.

தண்ணீரில் விரிந்த கடைசி வளையம் தொட்டி விளிம்பைத் தொட்டு அடங்கியது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

4.30. எவ்ஸ்தாதி மூடிகளைப் போட்டார். தூக்கினோம். முன்பு அசையாதது, இப்போது எளிதாக வந்தது. பனிக்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. 4.50க்குத் திருகை முடுக்கினார். சுத்தியலை மறந்துவிட்டுப் படியில் இறங்கினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

5.00. தண்ணீர் வந்தது. ஆறு மணிக்கு அறை கதகதவென்று ஆகிவிட்டது. ரேடியேட்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுட்டது. வேலையில் ஒரு குறை இல்லை.

நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கீழே கதவருகே தெச்கோவைப் பிடித்தேன். ஊர்க்கதை பேசுவதுபோல ஆரம்பித்து, வெலிகா வீட்டு மூலை அறை ரேடியேட்டர் என்ன நிறம் என்று கேட்டேன்.

சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

“நீலம். உனக்கு யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, என்னைத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒதுக்கிக்கொண்டுபோய், தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். வெலிகா தூக்கத்தில் சாகவில்லையாம். புதன்கிழமை கதவை உடைத்து உள்ளே போனபோது தரையில் கிடந்தாளாம், கட்டிலுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சனிக்கிழமை ராத்திரி விழுந்திருக்க வேண்டும், ஞாயிறு சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். தொலைபேசி மேஜைமேல் இருந்தது. எட்டவில்லை. எட்டியது ஒன்றுதான்.

“கடைசிப் பாகத்தோட அடியில, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டே இல்ல ராயினா. மோதிரத்தாலேயே தட்டித் தட்டி… மோதிரம் நெளிஞ்சு விரல்ல புதைஞ்சு கிடந்துச்சு. அவ அண்ணன் பையன்கிட்ட தூக்கத்துல போயிட்டான்னு சொன்னேன். உங்கிட்டயும்தான். சொல்லி என்ன ஆகப்போவுது?”

“ஞாயித்துக்கிழமையா” என்றேன்.

“ஞாயித்துக்கிழமைதான்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஞாயிறு அவரும் என் வீட்டில்தானே இருந்தார்.

பாட்டு, ஆட்டம், கைகோத்து வட்டமாக எல்லோரும். தெமி விஷயத்தைச் சொன்னதும் இன்னும் கூச்சல். அப்போதுதான் மேலேயிருந்து தட்டு கேட்டது. மூன்று. “பொறாமை புடிச்சவ, ஒரு நல்லநாள்கூட பொறுக்காது” என்றேன் நான். கரண்டியை எடுத்துப் பதில் கொடுத்தேன். மறுபடி தட்டினாள். மறுபடி கொடுத்தேன். கூட்டம் சிரித்தது. பிறகு ஆள் மாற்றி ஆளாக, கரண்டி கைமாறியது. தெச்கோ சாவிக்கொத்தால் தட்டினார். ஸோர்னிட்சாகூட ஒரு முறை தட்டினாள். மேலும் கீழும் மற்ற வீடுகளும் சேர்ந்துகொண்டன. முழுக் கட்டடமும் அவளுக்குப் பதில் சொன்னது.

மேலேயிருந்து வந்த தட்டு மெதுவானது. இரண்டானது. ஒன்றானது.

கடைசியாகக் கரண்டியை வாங்கியவள் தெமி. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, பலமாக மூன்று தட்டு. காதை வைத்துக் கேட்டாள். பதில் இல்லை.

“ஜெயிச்சுட்டோம்மா” என்றாள்.

நான் பானிட்ஸாப் பலகாரத்தை அடுப்பிலிருந்து எடுக்கப் போனேன். நேரம் பார்த்து எடுக்க வேண்டிய பண்டம் அது. மணி 4.10.

வியாழக்கிழமை தெமி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அறை சூடாகிவிட்டதா என்று கேட்டாள். நான் அந்த அறை வாசலில்தான் நின்றிருந்தேன். முகத்தில் வெப்பம் அடித்தது. தொட்டில் ரேடியேட்டர் சுவரோரம் காத்திருந்தது.

“இல்லம்மா. சரியாகல” என்றேன்.

“மேஸ்திரி வந்தாரே?”

“வந்தாரு.”

“ஒரு ரேடியேட்டர்மா. ஒரே ஒரு ரேடியேட்டர். அதுகூட உன்னால முடியலையா? இல்ல, நாங்க வர்றதே உனக்குப் பிடிக்கலையா?”

என்ன சொல்வது? உலகத்துக் கதையெல்லாம் பேசிய வாய். இந்த ஒன்றை மட்டும் அவளிடம் திறக்க முடியாது. அவள் கையில் இருந்த கரண்டியை நான் அவளுக்கு நினைவூட்ட முடியாது. அவள் போனை வைத்துவிட்டாள். நாற்பது நாளும் ஸோர்னிட்சா வீட்டில்தான். பேத்தியை நான் போட்டோவில் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நவம்பர் கடைசியில், என் நேர் கீழ்வீட்டுப் பெண் படிக்கட்டில் வழிமறித்தாள். பதினொன்றாம் எண். செப்டம்பரில் குடிவந்தவள், நல்ல பெண்.

“ராயினாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் சாயங்காலம் எதுக்கு ரேடியேட்டரைத் தட்டுறீங்க? நாங்க டிவிகூடப் போடுறதில்லையே.”

நான் தட்டவில்லை என்றேன். ஏப்ரலுக்குப் பிறகு அந்த ஒரு நாளைத் தவிரக் கரண்டியைத் தொட்டதே இல்லை என்றேன். அவள் மரியாதையாகச் சிரித்தாள். நம்பவில்லை. என்னைப் பற்றி யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

“நாலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்கும். நாலு பத்துக்கு நின்னுடும்.”

மேலே வந்தேன். அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக அந்த அறைக்குள் போய், மண்டியிட்டு, கடைசிப் பாகத்தின் அடியில் பார்த்தேன்.

வெள்ளைப் பெயின்ட் ஒரு நாணய அளவுக்குப் பெயர்ந்து இரும்பு தெரிந்தது.

தரையைத் தடவிப் பார்த்தேன். தொட்டிலை நகர்த்திப் பார்த்தேன். ஒரு சில்லுகூட இல்லை. வெலிகாவின் நீலம் என்னிடம் இறங்கியதுபோல, என் வெள்ளையும் கீழே இறங்கியிருக்கும்.

எனக்கு வயது அறுபத்து மூன்று. தனியாக இருக்கிறேன். என் ரேடியேட்டரிலிருந்து எந்தத் தட்டும் என் காதில் விழுவதில்லை. எனக்குக் கேட்பது ஒன்றுதான். தினமும் மணி நாலு ஆகும்போது, கீழேயிருந்து…

அந்த நல்ல பெண் கரண்டியால் பதில் தட்டுகிறாள்.

மூன்று முறை.